புயலும் ஊசலும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்த வரலாறு

இந்திய வானிலை ஆய்வுத் துறை வியாழக்கிழமைதோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. வட இந்தியப் பெருங்கடலில் அடுத்த இரண்டு வாரங்களில் புயல் உருவாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கூறும் அறிக்கை அது. அதைப் படிப்பவர் முதலில் எதிர்கொள்வது வங்கக்கடலின் பெயரையன்று. ‘மேடன்–ஜூலியன் அலைவு’ என்னும் பெயரை. அந்த அலைவு இப்போது எந்தக் கட்டத்தில் உள்ளது, அதன் வலிமை என்ன, அடுத்த வாரம் எங்கே நகரும் என்பவை முதலில் வருகின்றன. எல் நினோவின் நிலையும் குறிக்கப்படுகிறது. அதன் பின்னரே, ‘ஆகவே வங்கக்கடலில்…’ என்று வாக்கியம் திரும்புகிறது.

மொழியியல் படித்தவன் என்பதால் அந்த ‘ஆகவே’ என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒரு கடலில் தோன்றும் புயலுக்கும், பல்லாயிரம் கிலோமீட்டர் பரப்பில் நிகழும் காற்றுமண்டல ஊசலாட்டத்துக்கும் இடையே காரண உறவைச் சொல்லும் இடைச்சொல் அது. ‘சைக்ளோன்’ என்னும் சொல் 1848 இல் கல்கத்தாவில் பிறந்தது. ‘தென் அலைவு’ என்னும் பெயர் 1924 இல் இந்திய வானிலைத் துறையின் ஆய்வேட்டில் பதிவாயிற்று. இரண்டு பெயர்களும் இந்தியாவில் பணியாற்றியவர்கள் சூட்டியவையே. ஆயினும் அவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில் காரணமும் விளைவுமாக அமர்வதற்கு மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஏன்? இக்கட்டுரை அந்தத் தாமதத்தின் வரலாறு.

1

ஹென்றி பிடிங்டன் கப்பல் தலைவராக இருந்து, பின்னர்க் கல்கத்தாவில் குடியேறி, கடல்சார் விசாரணை நீதிமன்றத்தின் தலைவராக விளங்கியவர். விபத்துக்குள்ளான கப்பல்களின் நாட்குறிப்புகள் அவரிடம் வந்தன. ஒரே புயலில் சிக்கிய பல கப்பல்களின் குறிப்புகளை அவர் அருகருகே வைத்து ஒப்பிட்டார்: எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்தத் திசையிலிருந்து காற்று வீசியது? புள்ளிகளை வரைபடத்தில் இட்டபோது காற்று ஒரு மையத்தைச் சுற்றி வளைவது தெரிந்தது. அம்முடிவுகளை 1839 தொடங்கி வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் தொடர்ந்து வெளியிட்டார்.

1848 இல் மாலுமிகளுக்கென அவர் எழுதிய கையேட்டில் ‘சைக்ளோன்’ என்னும் சொல்லை முன்வைத்தார். பாம்பின் சுருளையும் வட்டத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை ஆக்கினார். அதுவரை வழங்கிய ஆங்கிலச் சொற்கள் காற்றின் வேகத்தையும் வடிவத்தையும் ஒன்றோடொன்று குழப்பின என்பதே அவருடைய குறை. முழு வட்டம் என்று அறுதியிட்டுக் கூறாமல், வளைந்து சுழலும் இயல்பை மட்டும் குறிக்கும் ஒரு சொல் அவருக்குத் தேவைப்பட்டது. கலைச்சொல்லாக்கத்தில் இத்தகைய நிதானம் அரிது.

அவருடைய அறிவு ஏட்டளவில் நின்றதன்று. மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசு திட்டமிட்டபோது, புயலோடு எழும் கடல்நீர் ஒருநாள் அதை அழிக்கும் என்று 1853 இல் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்கு எழுதினார். எச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது, கேனிங் துறைமுகம் எழுந்தது. 1867 நவம்பரில் வந்த புயல் அதைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் துறைமுகமே கைவிடப்பட்டது. பிடிங்டன் அதைக் காண உயிரோடில்லை. 1858 இலேயே மறைந்துவிட்டார்.

பிடிங்டனின் கேள்வி, கப்பல் தலைவனின் கேள்வி என்பதை இங்கே மனத்தில் இருத்த வேண்டும். ‘நான் இப்போது சுழலின் எப்பக்கத்தில் இருக்கிறேன், எவ்வழி தப்புவது?’ என்பதே அது. அக்கேள்விக்குப் புயல் என்பது தனித்த ஒரு பொருள். ‘இந்த ஆண்டு ஏன் இத்தனை புயல்கள்? இந்த மாதம் ஏன் ஒன்றும் இல்லை?’ என்று கேட்க அதில் இடமில்லை.

2

1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். அதைத் தொடர்ந்து 1866 இலும் 1871 இலும் பருவமழை பொய்த்தது. புயலும் பஞ்சமும் சேர்ந்து நெருக்கியதன் விளைவாகவே 1875 இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவர்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1876 அக்டோபர் இறுதியில் இன்றைய வங்கதேசத்தின் பாக்கர்கஞ்சு கரையைக் கடந்த புயல், வெள்ளத்தாலும் பின்வந்த நோய், பசியாலும் சுமார் 2 லட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதே ஆண்டில் தொடங்கி 1878 வரை நீண்ட பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. அவ்வாண்டுகளில் இந்தியாவில் காற்றழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்திருந்ததைக் கண்ட பிளான்ஃபோர்டு, இந்த உயர்வு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று என்று ஐயுற்றார். ஒரு வட்டாரத்தின் வானிலைக்குத் தொலைவில் வேர் இருக்கலாம் என்ற எண்ணம் அங்கே முளைவிட்டது.

ஆனால் அக்காலத்து அறிஞர் பலர் வேரைத் தேடிய இடம் வேறு. அவர்கள் சூரியனை நோக்கினர். மொரீஷியசிலிருந்த சார்லஸ் மெல்ட்ரம், தென் இந்தியப் பெருங்கடலின் புயல் எண்ணிக்கை சூரியப் புள்ளிகளின் பதினோராண்டுச் சுழற்சியோடு ஏறி இறங்குகிறது என்று 1872 இல் அறிவித்தார். வில்லியம் ஹன்டர் சென்னையின் மழையளவை அதே சுழற்சியோடு பொருத்தினார். மெல்ட்ரமின் விடை நிற்கவில்லை. எனினும் புயல்களைத் தனித்தனியாகப் பாராமல், எண்ணிக்கையாகப் பார்த்து, அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு பெருந்தாளம் உண்டா என்று கேட்டவர்களில் அவர் முன்னோடி. விடை தவறியதும் கேள்வியும் உடன் மறைந்தது என்பதே வருந்தத்தக்கது.

3

பாக்கர்கஞ்சு புயலைப் பற்றிய விரிவான அறிக்கையை எழுதியவர் ஜான் எலியட். வங்கக்கடல் புயல்களைப் பற்றிய கையேடும் அவருடையதே. அவர் வானிலைத் துறையின் தலைவராக இருந்து ஓய்வுபெற்றபின், 1904 இல் அப்பொறுப்பை ஏற்றவர் கில்பர்ட் வாக்கர். புயலை ஆராய்ந்தவரின் இருக்கையில், அலைவைக் காணப்போகிறவர் வந்து அமர்ந்தார். இரண்டும் இணைவதற்கு இதைவிட ஏற்ற தருணம் வாய்த்திருக்க முடியாது. இருந்தும் இணையவில்லை.

வாக்கர் கேம்பிரிட்ஜின் கணித மேதை. வானிலையியலில் முன்பயிற்சி இல்லாதவர். (1913 இல் சென்னை வந்தபோது இராமானுஜனின் கணக்குகளைக் கண்டு, அவருக்கு உதவித்தொகை வழங்குமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தவரும் இவரே.) 1899 இன் பஞ்சம் அரசின் நினைவில் இன்னும் ஆறவில்லை. பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட பணி. உலகெங்குமிருந்து அழுத்தம், மழை, வெப்பநிலை ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டி, இந்திய எழுத்தர்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான ஒட்டுறவுக் கெழுக்களைக் கணக்கிட்டார். கணிப்பொறி இல்லாத காலத்தில் அந்த எழுத்தர்களே அதன் வேலையைச் செய்தனர். சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் சொல்லப்பட்ட உறவு அக்கணக்கில் மெலிந்துபோயிற்று. அதற்குப் பதிலாக வேறொன்று துலங்கியது: பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலில் தாழ்கிறது, அங்கே தாழும்போது இங்கே உயர்கிறது. ஏற்றப்பலகையின் இரு முனைகள் போன்ற இந்த அசைவுக்கு அவர் 1924 இல் ‘தென் அலைவு’ என்று பெயரிட்டார்.

அந்தப் பெயரின் பக்கத்தில் புயலுக்கு இடம் கிடைக்கவில்லை. வாக்கரின் கேள்வி பஞ்சத்தின் கேள்வி. அதாவது மழையின் கேள்வி. மேலும், ஏன் ஊசலாடுகிறது என்பதற்கான விளக்கம் அவரிடம் இல்லை. எண்கள் மட்டுமே இருந்தன. எதிர்பார்த்த பருவமழைக் கணிப்பும் கைகூடவில்லை. 1958 இல் அவர் மறைந்தபோது, தென் அலைவைப் பயனற்ற ஒரு புள்ளியியல் விந்தையாகக் கருதியவர்களே மிகுதி.

விளக்கம் 1960களில் வந்தது. பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் தென்வரும் வெந்நீரோட்டத்துக்குக் குழந்தை ஏசுவின் பெயரால் ‘எல் நினோ’ என்று பெயரிட்டிருந்தனர். யாக்கப் பியர்க்னஸ், அந்தக் கடல் வெப்பமும் வாக்கரின் அழுத்த ஊசலும் ஒன்றையொன்று இயக்கும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்று காட்டினார். பசிபிக்கின் குறுக்கே அமைந்த காற்றோட்டத்துக்கு 1969 இல் ‘வாக்கர் சுழற்சி’ என்றும் பெயரிட்டார். மீனவரின் சொல்லும் கணிதவியலாரின் சொல்லும் ஒன்றுசேர்ந்தன. புயல் இன்னும் வெளியே நின்றது.

4

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த பகுதி இனி வருவது.

1971 இல் அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் ஆகிய இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பசிபிக் நடுவே வானூர்திகள் இறங்கிச் செல்லும் இடமாக இருந்த கேண்டன் தீவில், ஏறத்தாழ பத்தாண்டுகளாக வானிலை பலூன்கள் பறக்கவிடப்பட்டுப் பதிவுகள் எடுக்கப்பட்டிருந்தன. சில நாள் இடைவெளியில் மீளும் சிற்றலைகளைத் தேடி அத்தரவை அலசியவர்களுக்கு, 40 முதல் 50 நாள் இடைவெளியில் காற்று திசைமாறும் ஒரு வலுவான தாளம் எதிர்ப்பட்டது. எதிர்பாராத கண்டுபிடிப்பு அது. அடுத்த ஆண்டு, பல நிலையங்களின் பதிவுகளை இணைத்து, இந்தத் தாளம் வெப்பமண்டலத்தைச் சுற்றிக் கிழக்கு நோக்கி நகரும் பேரமைப்பு என்று நிறுவினர். பின்னாளில் அவர்கள் பெயரே அதற்கு ஆகிவந்தது.

ஆனால் 1963 இலேயே, பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் சியே யீபிங்கும் அவருடைய சகஆய்வாளர்களும் சீன வானிலையியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதியிருந்தனர். கிழக்குத் தீர்க்கரேகை 70 முதல் 125 வரையுள்ள வெப்பமண்டல நிலையங்களின் காற்றுப் பதிவுகளில், நாற்பது நாள்களுக்கு மேற்பட்ட இடைவெளியில் மீளும் அலைவை அவர்கள் கண்டிருந்தனர். அதோடு நிற்காமல், கீழ்மட்ட மேல்காற்று வலுக்கும் கட்டத்துக்கும் மேற்குப் பசிபிக்கின் புயல்கள் உருவாவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்றும் சுட்டினர். மேடனும் ஜூலியனும் எழுதுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, அலைவையும் புயலையும் ஒரே வாக்கியத்தில் எழுதியவர்கள் இவர்கள்.

அந்த வாக்கியம் சீன மொழியில் இருந்தது. சில ஆண்டுகளில் பண்பாட்டுப் புரட்சி வந்து சீனக் கல்வியுலகையே முடக்கியது. வெளியுலகில் எவரும் அதைப் படிக்கவில்லை. 2018 இல்தான் சில ஆய்வாளர்கள் அக்கட்டுரையை மீட்டெடுத்து, அமெரிக்க வானிலையியல் கழகத்தின் இதழில் அறிமுகப்படுத்தினர். பிற்காலத் தரவுகளைக் கொண்டு சரிபார்த்தபோதும் அதன் முடிவு நின்றது. இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஆங்கிலத்தில் எழுதாததே குற்றம் என்று இதிலிருந்து எளிதாக முடிவுகட்டிவிட முடியாது. வாக்கர் ஆங்கிலத்தில்தான் எழுதினார். அவரும் நாற்பதாண்டுகள் காத்திருந்தார். மேடனையும் ஜூலியனையும் குறைகூறவும் இடமில்லை. அவர்கள் தம் வழியில் நேர்மையாகக் கண்டடைந்தனர். நான் காண்பது வேறு: கப்பல் தலைவன் ஒரு கேள்வி கேட்டான், பஞ்சம் ஒரு கேள்வி கேட்டது, வானூர்தி நிலையத்தின் பதிவேடு மற்றொரு கேள்விக்கு வழிவிட்டது. ஒவ்வொரு கேள்வியும் தனக்குரிய கால அளவை மட்டும் பார்த்தது. புயலுக்குச் சில நாள்கள். தென் அலைவுக்குச் சில ஆண்டுகள். இரண்டுக்கும் நடுவேயுள்ள சில வாரங்களின் அளவில், அதுவும் புயலையே மையமாக வைத்துக் கேட்டவர்கள் சியேயின் குழுவினர். சரியான கேள்வியும் சரியான விடையும் ஓரிடத்தில் இருந்தும், அவற்றைச் சுமந்துசெல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இல்லை.

5

1970களின் இறுதியில் இழைகள் சேரத் தொடங்கின. 1979 இல் நெவில் நிக்கல்ஸ், புயற்பருவத்துக்கு முன் டார்வின் நகரில் காற்றழுத்தம் உயர்ந்திருந்தால் ஆஸ்திரேலியப் பகுதியில் புயல்கள் குறைகின்றன என்று காட்டினார். டார்வின், வாக்கரின் ஏற்றப்பலகையை இன்று அளக்கப் பயன்படும் இரு நிலையங்களுள் ஒன்று. 1984 இல் வில்லியம் கிரே, எல் நினோ ஆண்டுகளில் அட்லாண்டிக் புயல்கள் குறைவதை விளக்கினார்: அங்கே மேல்மட்டக் காற்றுக்கும் கீழ்மட்டக் காற்றுக்கும் இடையிலான வேகவேறுபாடு கூடி, எழும் மேகத்திரளைச் சாய்த்துக் குலைத்துவிடுகிறது. இந்தியாவில் 1980 இல் டி. ஆர். சிக்காவும் சுலோச்சனா காட்கிலும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, பருவமழைக் காலத்தில் மேகப்பட்டைகள் நிலநடுக்கோட்டுப் பகுதியிலிருந்து வாரக்கணக்கில் வடக்கு நோக்கி நகர்வதை விவரித்தனர். 1994 இல் மேற்குப் பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும், 2000 இல் மெக்சிகோ வளைகுடாவிலும், மேடன்–ஜூலியன் அலைவின் ஈரக் கட்டத்தில் புயல்கள் கொத்துக்கொத்தாகத் தோன்றுவது நிறுவப்பட்டது.

இயக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். வங்கக்கடல் கோடையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பெரும்பாலும் புயலுக்குப் போதிய வெப்பத்தோடுதான் இருக்கிறது. ஆயினும் புயல் எப்போதும் எழுவதில்லை. வெந்நீரோடு நடுவளிமண்டலத்தில் ஈரமும், தொடக்கச் சுழற்சியும், மேல்-கீழ்க் காற்றுகளிடையே குறைந்த வேறுபாடும் வேண்டும். மேடன்–ஜூலியன் அலைவின் மேகக்கட்டம் வரும்போது ஈரம் பெருகுகிறது. அதன் பின்புறத்தில் நிலநடுக்கோட்டை ஒட்டி வலுவான மேல்காற்று வீசுகிறது. அந்தக் காற்றின் வடபுறத்தில் இடஞ்சுழியும் தென்புறத்தில் வலஞ்சுழியும் பிறக்கின்றன. இரண்டும் அந்தந்த அரைக்கோளத்தில் புயல் சுழலும் திசைகள். 2022 மே மாதத்தில் வங்கக்கடலில் ‘அசானி’யும், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ‘கரீம்’ புயலும் ஏககாலத்தில் சுழன்றதைச் செயற்கைக்கோள் படங்களில் பலர் கண்டிருப்பர். ஒரே மேல்காற்றின் இருபுறமும் பிறந்த இரட்டையர் அவர்கள்.

இங்கே பெயரைப் பற்றி ஒரு குறிப்பு. இது உண்மையில் ஊசலாடுவதில்லை. கிழக்கு நோக்கிப் பயணம் செய்கிறது. கேண்டன் தீவில் நின்று பார்த்தவர்களுக்கு அது வந்துபோகும் அலைவாகத் தெரிந்தது. பெயரும் அவ்வாறே நிலைத்தது. பெயர், கண்டவர் நின்ற இடத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது.

நம் பெருங்கடலுக்கே உரிய ஊசல் ஒன்றும் 1999 இல் பெயர் பெற்றது. சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகாட்டா ஆகியோர் இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும் மாறிமாறி வெப்பமுறும் ‘இருமுனை’ நிலையை விவரித்தனர். 2019 இல் மேற்குப்புறம் மிகுதியாக வெப்பமுற்றது. ஆண்டுக்குச் சராசரியாக ஒரு புயலைக் காணும் அரபிக்கடல், அவ்வாண்டில் ஐந்து புயல்களைக் கண்டு 1902 இன் பதிவைச் சமன்செய்தது.

6

இவ்வறிவின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அலைவு புயலை உண்டாக்குவதில்லை. புயல் எழும் வாய்ப்பைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. லா நினா ஆண்டுகளின் பின்பருவத்தில் வங்கக்கடலில் கடும்புயல்கள் மிகுவதுண்டு. ஏறத்தாழ 10,000 பேரைப் பலிகொண்ட 1999 அக்டோபர் ஒடிசா பெரும்புயல் அத்தகைய ஆண்டில் வந்ததே. ஆனால் எல்லா லா நினா ஆண்டுகளிலும் அப்படியொன்று வருவதில்லை. எந்த ஊரில் கரைகடக்கும் என்பதை எந்த அலைவும் முன்கூட்டிச் சொல்லாது.

அப்படியானால் இரண்டு வாரத்துக்கு முந்தைய ‘வாய்ப்பு’ யாருக்குப் பயன்? 2017 இன் ‘ஒக்கி’யை நினைத்துப் பார்க்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்கள் பலர், எச்சரிக்கை வெளியாவதற்கு நெடுநாள் முன்னரே கரையை விட்டிருந்தனர். வாரக்கணக்கில் கடலில் தங்குபவருக்கு, சில நாள் முன்னதாக வரும் எச்சரிக்கை புறப்பட்டபின் வரும் கடிதம். புறப்படும் நாளன்றே கையில் இருக்கக்கூடியது அந்த வியாழக்கிழமை அறிக்கை ஒன்றுதான்.

அதுவோ முதன்மையாக ஆங்கிலத்தில், கட்ட எண்களோடும் வாய்ப்பின் தரவரிசைகளோடும் எழுதப்படுகிறது. ‘மிதமான வாய்ப்பு’ என்று அதைத் தமிழில் பெயர்த்தால் படகு எடுப்பவருக்கு என்ன பொருள்படும்? போகலாம் என்றா, பொறுக்கலாம் என்றா? திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் மழையைக் குறித்த ‘புயல்’ என்னும் சொல், இன்று பெருங்காற்றைக் குறிக்கிறது. பொருள் மாறும் ஆற்றல் நம் மொழிக்கு உண்டு. உறுதியன்று, ஆனால் புறக்கணிக்கத்தக்கதுமன்று என்னும் இடைநிலையைக் கரையோர மக்கள் தம் வழக்கில் எவ்வாறு சொல்கிறார்கள் என்பதைத் திரட்டுவது மொழியியல் மாணவர் செய்யத்தக்க களப்பணி. கலைச்சொல் அகராதியில் ‘அலைவு’ என்று ஒரு சொல்லைச் சேர்ப்பதோடு அது முடிவதில்லை.

சியே யீபிங்கின் வாக்கியம் ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஓர் இதழின் பக்கங்களில் கிடந்தது. அறிவியலுக்கு அது இழப்பு. வியாழக்கிழமையின் வாக்கியம் துறைமுகத்தை எட்டாமல் கிடந்தால் இழப்பவர்கள் வேறு. வங்காளி, ஒடியா, தெலுங்கு, மலையாளக் கரைகளில் களப்பணி செய்யும் நண்பர்கள், இந்த இடைநிலையை அங்குள்ளோர் எந்தச் சொல்லால் குறிக்கிறார்கள் என்று எழுதினால், ஒப்பிட்டுப் பார்க்கும் பணியை நாம் சேர்ந்தே தொடங்கலாம்.